தலைமுடிக்கும் சொட்டு நீலம்

முட்டத்துக் கடற்கரையில் விளையாடும் பிள்ளைகளின் தலைமுடி வெயிலிலும் உப்புத் தண்ணீரிலும் செம்பட்டையாகிவிடும். எனக்கும் சிறுவயதில் அப்படித்தான் இருந்தது. நாற்பத்திரண்டு வயதில், ஆசைப்பட்டு முடியை வெளுத்துச் சாம்பல் பழுப்புச் சாயம் பூசிக்கொண்டேன். மூன்றே வாரத்தில் அதே செம்பட்டை திரும்பிவந்தபோது அழுதுவிட்டேன். அம்மா என் பின்னலைக் கையில் எடுத்துப் பார்த்து, "கயிறு திரிக்கிற நார் போல ஆகிவிட்டதே, மக்களே" என்றாள்.

மார்த்தாண்டத்தில் அழகு நிலையம் வைத்திருக்கும் சித்தி மகள்தான் காரணத்தைச் சொன்னாள். நம் கருமுடியை வெளுக்கும்போது கருமை முழுவதும் போய்விடுவதில்லை. அடியில் சிவப்பும் ஆரஞ்சும் மஞ்சளும் தங்கியிருக்கும். மேலே பூசிய சாயம் மங்க மங்க அவை வெளியே தெரியும். இதற்குத்தான் டோனர் என்ற நிறப்பூச்சு. அது முடியை மேலும் வெளுப்பதற்கல்ல. எதிர்நிறத்தை ஏற்றி அந்தச் செம்மையை அடக்குவதற்கு. ஆரஞ்சுக்கு நீலம், மஞ்சளுக்கு ஊதா. பழுத்துப்போன வெள்ளை வேட்டிக்குச் சொட்டு நீலம் போடுகிறோமே, அதே கணக்கு. இப்படிச் சொன்னதும் அம்மாவுக்கு உடனே புரிந்துவிட்டது. (துணிக்குப் போடும் நீலத்தைத் தலையில் ஊற்றிவிடாதீர்கள்!) வெளுக்காத கருமுடியில் டோனர் பூசினால் ஒன்றும் தெரியாது, பணம்தான் வீண்.

பூசுவதற்கு இரண்டு நாள் முன்பே காதுக்குப் பின்னால் ஒரு துளி தடவி, அரிக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். சித்தி மகள் நீல டோனரை, நிறத்தை முடியில் ஏறச் செய்யும் டெவலப்பர் என்ற 3 சதவீதப் பெராக்சைடு உள்ள கலவையில் கலந்தாள். ஈரம் துவட்டிய முடியில் நடுப்பகுதியில் தொடங்கி, நுனிக்குக் கடைசியாகத்தான் வந்தாள். வெளுத்துக் காய்ந்த நுனி நிறத்தைச் சட்டென்று குடித்துவிடுமாம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கற்றையைத் துடைத்துப் பார்த்தாள். கடிகாரத்தை நம்பி உட்கார்ந்திருந்தால் நுனி மட்டும் சேறு போல இருண்டுவிடும். பதினைந்தாம் நிமிடம் அலசினோம். கண்ணாடியில் நான் ஆசைப்பட்ட அந்தப் பழுப்பு!

அது நிரந்தரமில்லை. எனக்கு ஐந்து வாரம் தாங்குகிறது. அதற்குள் மங்கவைப்பது எங்கள் வீட்டு ஆழ்குழாய்த் தண்ணீர்தான் என்று நினைக்கிறேன். குளியலறை வாளியின் உட்புறம் துருநிறக் கறை படிந்திருக்கிறது. அந்த இரும்பு முடியிலும் படியத்தானே செய்யும்? இப்போது கடைசி அலசலுக்கு மட்டும் குடிநீர்க் குழாயில் பிடித்த ஒரு வாளித் தண்ணீரை ஒதுக்கிவைக்கிறேன். வெந்நீர் கிடையாது. சல்பேட் இல்லாத ஷாம்பு, வாரம் இரண்டு தரம். பஸ்ஸில் வெயில் அடிக்கும் பக்கம் உட்கார நேர்ந்தால் முந்தானையைத் தலையில் போட்டுக்கொள்கிறேன்.

டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் திருநாள். அதற்கு முந்தைய வாரம் மார்த்தாண்டம் போக வேண்டும். இந்த முறை அம்மாவும் வருகிறேன் என்கிறாள், பார்ப்பதற்கு மட்டும்தானாம்.