மீந்த சோறு, காலையில் அடை

இரவுச் சாப்பாடு முடிந்தாயிற்று. குக்கரின் அடியில் ஒரு கப் சோறு.

மூடியைப் போட்டு அப்படியே மேடையில் விட்டுவிடுவதுதான் பல வீடுகளில் வழக்கம். தயவுசெய்து வேண்டாம். அரிசியில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் பாக்டீரியாவின் வித்துகள் வேகும்போதும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகவே கிடந்தால் பெருகி நஞ்சை உண்டாக்கும். மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது.

தட்டில் பரப்பி ஆறவிட்டு, 2 மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள்.

காலையில் அடை சுடலாம். 1 கப் சோற்றுக்கு அரை கப் ரவை, கால் கப் அரிசி மாவு, அரை கப் தயிர். சோற்றையும் தயிரையும் மிக்ஸியில் இரண்டே சுற்று, கொரகொரப்பாக. கூழாக அரைத்தால் போச்சு! கல்லில் பசை மாதிரி ஒட்டும், நடுவே வேகவே வேகாது.

ரவை, மாவு, வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, உப்பு சேர்த்து 20 நிமிடம் ஊறட்டும். ரவை ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதனால் தண்ணீர் தேவையா என்பதை ஊறிய பிறகுதான் பார்க்க வேண்டும்.

கனமான கல், மிதமான தீ, சுற்றிலும் நல்லெண்ணெய், மேலே மூடி. ஓரம் தானாகக் கிளம்பும்வரை திருப்பாதீர்கள்.

மீந்த கேரட், பீன்ஸ் பொரியலையும் மாவிலேயே கலக்கலாம். தேங்காய் போட்டதென்றால் முதலில் முகர்ந்து பாருங்கள், தேங்காய் சீக்கிரம் கெடும்.

இட்லி மீந்திருந்தால் ஃப்ரிட்ஜில் நன்றாகக் குளிர்ந்த பிறகே உதிர்க்க வேண்டும். சூட்டோடு உதிர்த்தால் உப்புமா களியாகிவிடும்.