மேயர் இல்லாத சென்னை

சென்னைக்கு 1973 டிசம்பரிலிருந்து 1996 அக்டோபர் வரை மேயரும் கிடையாது, கவுன்சிலர்களும் கிடையாது. மஸ்டர் ரோல் ஊழல், அதாவது வேலைக்கே வராத ஆட்கள் பேரில் கூலி எழுதி எடுத்த விவகாரம், பெரிதாக வெடித்ததும் அன்றைய தி.மு.க. அரசு மாமன்றத்தைக் கலைத்துவிட்டது. அப்புறம் அந்த ஆட்சியே போனது, குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது, எம்.ஜி.ஆர். வந்தார், ஜெயலலிதாவும் ஒரு முறை ஆண்டு முடித்தார், சென்னைக்குத் தேர்தல் மட்டும் வரவில்லை. 1996இல்தான் மு.க. ஸ்டாலின், மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த முதல் மேயராக, மாநகராட்சியின் தலைமையகமான ரிப்பன் மாளிகைக்குள் போனார்.

இருபத்து மூன்று ஆண்டுகள். ஒரு தலைமுறையே மேயர் என்று ஒருவரைப் பார்க்காமல் வளர்ந்திருக்கிறது. ஆனால் ஊர் நின்றுபோகவில்லை. குப்பை அள்ளினார்கள், சொத்து வரி வாங்கினார்கள், குழந்தை பிறந்தால் சான்றிதழ் கொடுத்தார்கள். வேடிக்கை என்னவென்றால் நடுவில் 1978இல் நகரத்தின் எல்லைகூட விரிந்தது. ஆள மன்றமே இல்லாத நேரத்தில் ஆளப்படும் இடம் பெரிதாகியிருக்கிறது.

இதை இவ்வளவு இழுத்துச் சொல்வதற்குக் காரணம், 'மாநகராட்சி' என்று நாம் போகிற போக்கில் சொல்வதில் மூன்று சங்கதிகள் இருக்கின்றன. தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சிலர்கள் உட்கார்ந்து தீர்மானம் போடும் மாமன்றம் ஒன்று. ஆணையர், பொறியாளர்கள், வரி வசூலிப்பவர், துப்புரவுப் பணியாளர் எல்லாரும் சேர்ந்த நிறுவனம் இன்னொன்று, இதன் பேரில்தான் கணக்கு இருக்கும், வழக்கு நடக்கும். மூன்றாவது, நீங்களும் நானும் குடியிருக்கிற நிலப்பரப்பு. மாமன்றம் கலைந்தால் அதன் அதிகாரம் அரசு நியமிக்கும் தனி அலுவலர் கைக்குப் போகிறது, அவ்வளவுதான். நிறுவனம் கலையாது, நிலம் எங்கும் போகாது.

அதெல்லாம் பழைய கதை, 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் வந்து 1993லிருந்து அமலில் இருக்கிறதே, ஐந்து வருடம் முடிவதற்குள் தேர்தல் நடத்தியே ஆக வேண்டுமே என்று கேட்பீர்கள். சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தபோது, அறிவித்த தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது, அப்புறம் வார்டு மறுவரையறை, இட ஒதுக்கீடு, வழக்கு மேல் வழக்கு. தமிழ்நாட்டின் நகரங்களுக்கு அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில். கொரோனா வந்த இரண்டு வருடமும் எங்கள் வார்டில் கவுன்சிலர் என்று ஒருவர் இல்லை. தெருவை அடைத்துத் தகரம் அடித்தபோது போய்ச் சண்டை போட, வீடு தெரிந்த ஒரு ஆள் இல்லை. அதிகாரிகள் நன்றாகவே வேலை செய்தார்கள் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், இருக்கட்டும், ஆனால் இந்த ஒரு வசதி இல்லாமல் போனது அவர்கள் கணக்கில் வராது.

சரி, இடத்துக்கு வருவோம். அங்கேதான் குழப்பம் இன்னும் ருசியானது. 2011இல் சென்னை மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. அம்பத்தூர், ஆலந்தூர், வளசரவாக்கம், திருவொற்றியூர் என்று நகராட்சிகள், பேரூராட்சிகள், ஊராட்சிகள் மொத்தம் 42 உள்ளாட்சி அமைப்புகள் ஒரே மூச்சில் காணாமல் போயின, வார்டு 155 இருந்தது 200 ஆனது. அம்பத்தூர் நகராட்சி செத்துப்போனது, அம்பத்தூர் அதே இடத்தில் இருக்கிறது, ஏரி உட்பட. ஆனால் மாவட்ட எல்லையை அப்போது யாரும் தொடவில்லை. அதனால் சொத்து வரி சென்னை மாநகராட்சிக்கு, பட்டாவுக்கும் சாதிச் சான்றிதழுக்கும் திருவள்ளூர் மாவட்டம், ஆலந்தூர் பக்கம் என்றால் காஞ்சிபுரம் மாவட்டம் என்று ஏழு வருடம் ஓடியது. வெளியூர் சொந்தக்காரரிடம் 'சென்னையில்தான் இருக்கிறேன், ஆனால் திருவள்ளூர் மாவட்டம்' என்று சொன்னால் ஏதோ மறைக்கிறோம் என்பது போலப் பார்ப்பார். 2018இல்தான் சென்னை மாவட்டத்தை விரித்து இரண்டையும் ஒன்றாக்கினார்கள்.

இப்போது கோடு ஒன்றாகிவிட்டது, கோட்டுக்குள் இருப்பதெல்லாம் மாநகராட்சியுடையதா என்றால் அதுவும் இல்லை. அண்ணா சாலை நெடுஞ்சாலைத் துறையிடம் இருக்கிறது. குடிநீரும் பாதாளச் சாக்கடையும் 1978இல் உருவான குடிநீர் வாரியத்தின் பொறுப்பு, மழைநீர் வடிகால் மட்டும் மாநகராட்சி. கூவமும் அடையாறும் நீர்வளத் துறை. ஆக, தெருவில் தண்ணீர் தேங்கினால் அது மழைத் தண்ணீரா சாக்கடைத் தண்ணீரா என்று முதலில் மோந்து பார்க்க வேண்டும், அதற்கு அப்புறம்தான் எந்த எண்ணுக்குப் போன் போடுவது என்று முடிவு. நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை. எங்கள் தெருமுனையில் ஒரு மூடி உடைந்தபோது வந்து பார்த்த இளநிலைப் பொறியாளர் செய்த முதல் காரியமே, குனிந்து, மூடி வட்டமா சதுரமா, அதில் என்ன பொறித்திருக்கிறது என்று பார்த்ததுதான். பார்த்துவிட்டு 'இது எங்களுது இல்ல சார்' என்று வண்டியை எடுத்தார்.

கிராமத்தில் நிலைமை கொஞ்சம் வேறு, எனக்கு அது பிடித்தும் இருக்கிறது. 2025 ஜனவரி 5ஆம் தேதி 28 மாவட்டங்களில் ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்து, தலைவர்களும் வார்டு உறுப்பினர்களும் வெளியேற, தனி அலுவலர்கள் வந்தார்கள். ஆனால் கிராம சபை என்பது தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் மன்றம் இல்லை, அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிற எல்லாரும் சேர்ந்ததுதான் கிராம சபை. அதற்குப் பதவிக்காலம் கிடையாது, கலைக்கவும் முடியாது. அந்த ஜனவரி 26ஆம் தேதி தலைவர் உட்காரும் நாற்காலியில் அதிகாரியை வைத்துக்கொண்டு சபை கூடியது. மாநகராட்சிக்காரர்களான நமக்குத்தான் அப்படி எல்லாரும் உட்கார்ந்து கணக்கு கேட்கும் ஒரு இடம் இல்லை. 2022லிருந்து வார்டு குழு, பகுதி சபை என்று விதி வந்திருக்கிறது. உங்கள் பகுதி சபை கடைசியாக எப்போது கூடியது என்று அடுத்த முறை கவுன்சிலரைப் பார்க்கும்போது கேட்டுப் பாருங்கள், என்ன சொல்கிறார் என்று எனக்கும் எழுதுங்கள்.