அதிரும் பலகைக்கு எங்கள் வீட்டு விதிகள்

எலெக்ட்ரிக் ஃபுட்பால் பார்த்திராதவர்களுக்கு முதலில் கொஞ்சம். பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடும் அமெரிக்கன் ஃபுட்பாலின் மைதானம் அச்சடித்த ஒரு தகரப் பலகை, அடியில் மின்காந்தம். சுவிட்சைப் போட்டால் பலகை கிடுகிடுவென அதிரும். பக்கத்துக்கு 11 பேராக நிற்கும் பிளாஸ்டிக் பிளேயர்கள் தாமாகவே ஓடத் தொடங்குவார்கள். டியூடர் நிறுவனத்தின் நார்மன் சாஸ் 1940களின் கடைசியில் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1967இல், அமெரிக்காவின் தொழில்முறை ஃபுட்பால் லீக்கான என்.எஃப்.எல். அணிகளின் நிறங்களோடு வர ஆரம்பித்தது. நியூ ஜெர்சியில் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் பழைய சாமான்களை விற்ற கராஜ் சேலில் எனக்கும் மகளுக்கும் கிடைத்தது பழைய பலகை. விதித்தாள் அதில் இல்லை.

நிஜ ஆட்டத்தின் விதிகளை வைத்தே ஆடினோம். நாலு டவுன், அதாவது நாலு முயற்சிக்குள் பத்து யார்டு முன்னேற வேண்டும் என்பது வரை சரியாக வந்தது. அதற்கு மேல் ஒத்துவரவில்லை, ஏனென்றால் இங்கே பந்தோடு ஓடுபவன் யார் சொல்லையும் கேட்க மாட்டான். சுவிட்சைப் போட்ட பிறகு விளையாடுகிறவர் கையில் என்ன மிச்சம்? எங்கள் விதிகள் எல்லாம் அந்தக் கேள்வியிலிருந்து வந்தவைதான்.

விதி எழுதும் முன் பலகையைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. ரசமட்டம் வைத்துப் பார்த்தால் ஒரு மூலை தாழ்ந்திருந்தது; அட்டையை மடித்துக் காலுக்கு அடியில் கொடுத்தோம். அடுத்தது பேஸ். ஒவ்வொரு பிளேயரும் நிற்கும் அந்தப் பிளாஸ்டிக் துண்டைத் திருப்பிப் பார்த்தால், பின்பக்கம் சாய்ந்த மெல்லிய கால்கள் தெரியும். அதிர்வை முன்னோக்கிய ஓட்டமாக மாற்றுவது அந்தச் சாய்வுதான். ஒரு கால் கொஞ்சம் வளைந்திருந்தாலும் ஆள் வட்டமடிப்பான். நோஸ் பிளையரால் மெதுவாக நிமிர்த்தி, ஒவ்வொருவனையும் தனியாக ஓடவிட்டு, பேஸுக்கு அடியில் மார்க்கரால் குறித்தோம்: நேர், இடது, வலது. வட்டமடிக்கும் ஆட்களை மகள் ஒதுக்க விடவில்லை. ஓரத்தில் நிறுத்தினால் எதிரி வரிசையைச் சுற்றிக்கொண்டு உள்ளே வருவான் என்றாள். உண்மையிலேயே வந்தான்.

முதல் சண்டை டேக்கிளில், அதாவது பந்தோடு ஓடுபவனைப் பிடித்து நிறுத்துவதில். தடுப்பவன் யார் தொட்டாலும் டேக்கிள் என்று வைத்திருந்தோம். "அப்பா, அவன் முதுகுதான் பட்டுச்சு. அவன் வேற பக்கம் போயிட்டு இருந்தான், அது எப்படி டேக்கிள்?" நியாயமான கேள்வி. இப்போது தடுப்பவனுடைய பேஸின் முன்விளிம்பு பட்டால் மட்டுமே டேக்கிள். முன்விளிம்பில் சிவப்பு நெயில் பாலிஷ் ஒரு கோடு இழுத்துவிட்டதால் தகராறு நின்றது. இந்த ஒரு விதியால் ஓட்டங்களின் நீளம் கூடியது. தடுப்பு ஆட்களை எந்தக் கோணத்தில் நிறுத்துகிறோம் என்பதற்கும் மதிப்பு வந்தது.

பந்தோடு இருப்பவன் திரும்பித் தன் கோலை நோக்கியே ஓடுவது இந்த ஆட்டத்தின் பழைய வியாதி. அந்த டவுன் தொடங்கிய கோட்டைத் தாண்டியவன் திரும்பினால், திரும்பிய இடத்திலேயே டவுன் முடிந்தது. தாண்டும் முன்பே திரும்பினால் எதிராளி சத்தமாக மூன்று வரை எண்ண வேண்டும். எண்ணி முடிக்கும்போது நிற்கும் இடமே முடிவு. அதற்குள் மைதானத்தின் தன் பக்கக் கடைசிப் பட்டையான எண்ட் ஸோனுக்குள் போய்விட்டால் சேஃப்டி, எதிரணிக்கு 2 புள்ளி. இது கொஞ்சம் கடுமைதான். ஆனால் இருவரும் நடுங்கிக்கொண்டு பார்க்கும் தருணம் இதுதான், அதனால் வைத்துக்கொண்டோம்.

அப்புறம் நிறுத்தம். பந்தை வைத்துத் தாக்கும் அணி ஒரு டவுனுக்கு ஒரே ஒரு முறை சுவிட்சை அணைத்து, பந்து வைத்திருப்பவனை மட்டும் திருப்பலாம். கால்பங்கு வட்டத்துக்கு மேல் கூடாது. அப்போது தடுக்கும் அணியும் ஒருவனைத் திருப்பலாம். நிறுத்தத்துக்கு அளவே வைக்காமலும் ஆடிப் பார்த்தோம். ஆட்டம் இழுத்தது, பலகையின் உயிரும் போனது. ஒன்றுதான் சரியான அளவு என்பது என் முடிவு.

பந்தைத் தன் ஆளுக்கு எறியும் பாஸ்தான் பெரிய வேலை. எறிவதற்கென்றே ஸ்பிரிங் வைத்த குவார்ட்டர்பேக் பிளேயரால் சின்னப் பந்தைச் சுண்டிவிட்டால் அது நேராக ஆள் மேல் போய்ப் படுவது அபூர்வம். அதற்கு மகளின் கண்ணாடி வளையல் வந்தது. பலகையை நிறுத்தி, எறியும் முன்பே யாருக்கு என்று சொல்லி, அவனைச் சுற்றி வளையலை வைக்க வேண்டும். பந்து வளையலுக்குள் நின்றால் பாஸ் பிடித்ததாகக் கணக்கு. வேறொரு பேஸ் தட்டி வளையல் பலகையில் படியாவிட்டால் அங்கே நெரிசல். பந்து அவன் மேலேயே பட்டாக வேண்டும். தடுப்பு ஆட்கள் இப்போது வெறுமனே ஓடுவதில்லை, வளையலுக்கு இடம் கொடுக்காமல் ஒட்டி நிற்கவும் பயன்படுகிறார்கள். எங்கள் விதிகளிலேயே எனக்கு அதிகம் பிடித்தது இதுதான்.

கடிகாரத்தைத் தூக்கிவிட்டோம். 22 பேரை நிறுத்தவே நேரம் போவதால் ஆட்டத்தின் கால்பகுதியான ஒரு குவார்ட்டருக்கு 12 டவுன் என்று எண்ணிக்கையில் வைக்கிறோம். தாக்கும் அணி முதலில் நிறுத்தும், பிறகு தடுக்கும் அணி, கடைசியாகத் தாக்கும் அணி ஒருவனை மட்டும் மாற்றலாம். பந்தை உதைத்துத் தொடங்கும் கிக்ஆஃப் கிடையாது, 20 யார்டு கோட்டிலிருந்து தொடக்கம்.

மிச்சம் இருப்பது இன்டர்செப்ஷன், அதாவது எறிந்த பந்தை எதிரணி பிடித்துக்கொள்வது. நெரிசலில் எறிந்த பந்து தடுப்பவன் மேல் பட்டால் அவனுக்கே என்கிறாள் மகள். அவன் முன்பக்கத்தில் பட்டால் மட்டும் என்கிறேன் நான். வரும் சனிக்கிழமை இரண்டு விதமாகவும் ஆடிப் பார்க்கப் போகிறோம்.