என் பாட்டுக் கிடங்கை ஏஐ ஏஜென்ட்டிடம் ஒப்படைத்தபோது

தக்கலையையும் மார்த்தாண்டத்தையும் சுற்றியுள்ள மண்டபங்களில் கல்யாண ரிசப்ஷன்களுக்கு டிஜேயாக இருக்கிறேன். எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரே மேடையில் தமிழ்ப் பாட்டும் மலையாளப் பாட்டும் மாறி மாறிக் கேட்கப்படும். சம்பந்தி வீடு கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு அப்பால் என்றால் மலையாளமே பாதிக்கு மேல் போய்விடும். இப்படிப் பல ஆண்டுகளாக நண்பர்களின் பென்டிரைவ்களிலிருந்து சேர்ந்த 4,000 பாடல்களில் எது எங்கே இருக்கிறது என்பது எனக்கே தெரியாத நிலை வந்தபோதுதான், எல்லாவற்றையும் முறையாக விலைக்கு வாங்கி ஒழுங்குபடுத்த ஓர் ஏஐ ஏஜென்ட்டின் உதவியை நாடினேன். அது, நாம் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்வதோடு நிற்காமல், கணினியிலுள்ள கோப்புகளைத் திறந்து, தேவையான நிரலை எழுதி இயக்கி, வந்த விளைவைப் பார்த்து அடுத்த வேலைக்குத் தானே நகர்கிறது.

முதல் வாரம் எதையும் மாற்றக் கூடாது, கணக்கு மட்டும் எடுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தேன். அந்தக் கணக்கே என்னை உலுக்கிவிட்டது. பெயரிலேயே 320 (கேபிபிஎஸ், அதாவது ஒரு நொடி ஒலிக்கு எத்தனை கிலோபிட் என்ற தர அளவு) என்று போட்டிருந்த ஒரு குத்துப் பாட்டின் அதிர்வெண் படத்தை அது எடுத்துக் காட்டியபோது, 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒன்றுமே இல்லாமல் வெறும் கறுப்பாக இருந்தது. யாரோ உச்ச ஓசைகள் வெட்டுப்பட்ட 128 கேபிபிஎஸ் கோப்பை 320ஆக மாற்றிச் சுற்றுக்கு விட்டிருக்கிறார்கள். பெரிய ஸ்பீக்கரில் அந்தப் பாட்டின் ஜால்ரா ஓசை மட்டும் மங்கிப்போய்க் கேட்டதன் காரணம் அன்றுதான் விளங்கியது. இத்தகையவை 600க்கு மேல் இருந்தன.

வாங்குவதற்குச் சினிமாப் பாடல்களை ஐடியூன்ஸ் ஸ்டோரிலும் (அங்கே 256 கேபிபிஎஸ் ஏஏசி வடிவம் கிடைக்கும்), தனிக் கலைஞர்களின் பாடல்களை பேண்ட்கேம்ப் என்ற இணையத் தளத்திலும் தேடச் சொன்னேன். பேண்ட்கேம்பில் தரம் குறையாத ஃப்ளாக், ஏஐஎஃப்எஃப் வடிவங்கள் கிடைப்பதோடு, டிஜிட்டல் விற்பனையில் தளம் எடுப்பது பொதுவாக 15 சதவீதமே என்பதால், பாடியவருக்குப் பெரும்பங்கு போய்ச் சேர்கிறது என்ற நிறைவும் எனக்கு உண்டு. பாடலின் விலை, நீளம், எந்தப் பதிப்பு என்பதையெல்லாம் ஏஜென்ட் அட்டவணையாகத் தரும். கார்டு எண்ணை அதனிடம் கொடுக்காமல், ஒவ்வொன்றையும் சில நொடிகள் கேட்டுப் பார்த்த பிறகு நானே பணம் செலுத்துவேன். ஒருமுறை அதே தலைப்பில் வேறொருவர் பாடிய கவர் பதிப்பைப் பட்டியலில் சேர்த்திருந்தது. கேட்டுப் பார்த்ததால்தான் பணம் தப்பியது.

ஒழுங்குபடுத்தும்போதுதான் உண்மையான சோதனை வந்தது. ஒரே பாட்டு ஆங்கில எழுத்தில் மூன்று விதமாக எழுதப்பட்டிருந்ததால் பெயரை வைத்து இரட்டைகளைப் பிடிக்க முடியவில்லை. குரோமாபிரிண்ட் என்ற ஒலிக் கைரேகை முறையில் கோப்புகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு அந்தச் சிக்கலை அது தீர்த்தது. அந்த நம்பிக்கையில் கோப்புப் பெயர்களையும் மாற்ற அனுமதித்துவிட்டேன். கருங்கலில் மாலை ஒரு ரிசப்ஷன் இருந்த நாளில், காலையில் ரெக்கார்ட்பாக்ஸ் என்ற டிஜே மென்பொருளைத் திறந்தால் ஏறக்குறைய 300 பாடல்களின் அருகில் ஆச்சரியக்குறி. கோப்பு இருக்கும் பாதையை வைத்தே அந்த மென்பொருள் பாட்டை அடையாளம் காண்கிறது. பாதை மாறினால், நாம் உட்கார்ந்து வைத்த கியூ பாயிண்ட்கள் (பாட்டை எங்கே தொடங்குவது என்ற குறிகள்) பட்டியலில் அப்படியே இருந்தாலும் பாட்டு ஓடாது. பழைய பெயரையும் புதிய பெயரையும் ஒரு கோப்பில் எழுதி வைக்கும்படி முன்பே சொல்லியிருந்ததால், அதை வைத்துச் சில நிமிடங்களில் எல்லாவற்றையும் பழையபடி திருப்ப முடிந்தது. அதன்பின் ஏற்கெனவே சேர்த்த பாடல்களில் டேக்கை (கோப்புக்குள் பதிந்திருக்கும் பாட்டு விவரத்தை) மட்டும் திருத்துகிறோம். பெயர் மாற்றமெல்லாம் புதிதாக வாங்கியவற்றுக்கு, அதுவும் ரெக்கார்ட்பாக்ஸில் சேர்ப்பதற்கு முன்பே.

பிபிஎம் (நிமிடத்துக்கு எத்தனை தாளத் தட்டு) கணக்கை நான் முழுமையாக விட்டுக்கொடுக்கவில்லை. நையாண்டி மேள நடையில் ஆறு எட்டு (6/8) தாளத்தில் வரும் பாடல்களுக்கு மென்பொருள் தவறான எண்ணைத் தருகிறது, ஏஜென்ட்டும் அந்த எண்ணையே நம்பிவிடுகிறது. அவற்றை மேசையில் தட்டி எண்ணி நானே பதிகிறேன். 70ஐ 140 என்று இரட்டிப்பாகக் காட்டும் பிழையை மட்டும் அதுவே சந்தேகப்பட்டுத் தனியாக ஒதுக்கி வைக்கிறது.

மாற்ற வேண்டிய 600 பாடல்களில் பாதியை இதுவரை வாங்கியிருக்கிறேன். வாடகைக்குக் கிடைக்கும் பழைய டிஜே பிளேயர்கள் பல எக்ஸ்ஃபேட் வடிவில் ஃபார்மட் செய்த பென்டிரைவைப் படிப்பதில்லை என்பதால், நிகழ்ச்சிக்கு முந்தைய இரவு ஃபேட்32 வடிவில் இரண்டு பென்டிரைவ்களைத் தயார் செய்து, இரண்டையும் பிளேயரில் செருகிப் பார்த்த பிறகுதான் பையில் வைக்கிறேன்.