முரண்டு பிடித்த எஸ்எம்பிஎஸ்ஸை வீட்டிலேயே சரிசெய்தேன்

பவர் பட்டனை அமுக்கினால் விசிறி அரைச் சுற்றுச் சுற்றிவிட்டு நின்றுவிடும். விடாமல் அமுக்கிக்கொண்டிருந்தால் ஒருவழியாக கம்ப்யூட்டர் ஓடத் தொடங்கும், அப்புறம் அணைக்கும்வரை ஒரு தொல்லையும் இருக்காது. குளிர்ந்திருக்கும்போது அடம்பிடித்து, சூடேறியதும் ஒழுங்காக ஓடினால் பெரும்பாலும் கெபாசிட்டர்மேல்தான் சந்தேகம் வரும். வீட்டு மின்சாரத்தை கம்ப்யூட்டருக்கு ஏற்ற டிசியாக மாற்றித் தரும் பெட்டிதான் எஸ்எம்பிஎஸ், அதைக் கழற்றினேன்.

திறப்பதற்கு முன்பே மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். பச்சை வயரைக் கறுப்பு வயரோடு இணைத்தால்தான் எஸ்எம்பிஎஸ் முழுதாக ஓடும். ஆனால் பிளக்கைச் செருகியதும், அப்படி இணைக்காமலே ஊதா வயரில் 5 வோல்ட் வர வேண்டும். 5 சதவீதம் கூடலாம், குறையலாம், 4.75-க்குக் கீழே போகக் கூடாது. இங்கே அளவு 3-க்கும் 5-க்கும் நடுவே ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஆக, கோளாறு ஸ்டாண்ட்பை பகுதியில், அதாவது கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போதும் இந்த 5 வோல்ட்டைத் தரும் பகுதியில்.

இனிமேல்தான் கவனம் தேவை. 230 வோல்ட்டில் ஓடும் எஸ்எம்பிஎஸ்ஸின் பெரிய கெபாசிட்டரில் சுமார் 325 வோல்ட் டிசி இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது தங்கியிருக்கலாம். ஸ்க்ரூ டிரைவரால் தொட்டுத் தீப்பொறி பறக்க விடுகிறவர்கள் உண்டு, எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை. 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரின் கால்களுக்கு நன்றாக இன்சுலேஷன் போட்டு, அந்த கெபாசிட்டரின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே அரை நிமிடம் பிடித்தேன். மீட்டர் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்த பிறகே போர்டில் கை வைத்தேன்.

வெளியீட்டுப் பக்கம் இரண்டு 2200 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர்களின் தலை உப்பியிருந்தது. அடியில் பழுப்பாக ஏதோ ஒட்டியிருந்தால் உடனே கசிவு என்று நினைத்துவிட வேண்டாம், கம்பெனியில் வைக்கும் பசையாகவும் இருக்கலாம். ஆனால் ஊதா வயரின் கோளாறுக்குக் காரணம் இந்த இரண்டும் இல்லை. சின்ன டிரான்ஸ்ஃபார்மருக்கும் ஹீட்சிங்க்குக்கும் (சூட்டைக் கடத்தும் உலோகத் தகடு) இடுக்கில் ஒரு 47 மைக்ரோ ஃபாரட், 50 வோல்ட் கெபாசிட்டர் ஒளிந்திருந்தது. ஸ்டாண்ட்பை ஐசிக்கு மின்சாரம் தருவது அதுதான். தலை தட்டையாக, பார்க்கப் புதிது மாதிரியே இருந்தது. கழற்றி அளந்தால் 9 மைக்ரோ ஃபாரட்! பக்கத்துச் சூட்டில் உள்ளே காய்ந்துபோயிருக்கிறது.

மூன்றையும் மாற்றினேன். அதே மைக்ரோ ஃபாரட், வோல்ட் அதே அளவோ அதற்கு மேலோ, 105 டிகிரி வரை சூடு தாங்குவது, குறைந்த ஈஎஸ்ஆர் (கெபாசிட்டரின் உள் மின்தடை) என்று பார்த்து வாங்கினேன். கழற்றுமுன் மைனஸ் கோடு எந்தப் பக்கம் என்று போட்டோ எடுத்துக்கொண்டேன். படுத்தியது கிரவுண்ட் கால்தான். அகலமான செம்புப் பட்டை சூட்டையெல்லாம் இழுத்துக்கொள்வதால் 25 வாட் சால்டரிங் அயர்னுக்கு ஈயம் அசையவே இல்லை. 60 வாட்டை எடுத்து, புது ஈயம் கொஞ்சம் சேர்த்ததும் இளகி வந்தது.

முதல் சோதனைக்கு, எஸ்எம்பிஎஸ்ஸுக்குப் போகும் மின்சாரம் ஒரு 60 வாட் குண்டு பல்பு வழியாகவே போகும்படி அதை சீரியஸில் போட்டேன். பளிச்சென்று மின்னி மங்கினால் நல்லது, விடாமல் பிரகாசமாக எரிந்தால் உள்ளே ஷார்ட். மங்கியது. ஊதா வயரில் 5.04, ஆடாமல் நின்றது. பல்பை எடுத்துவிட்டு, பச்சையையும் கறுப்பையும் இணைத்து, பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றைச் சுமையாக மாட்டிப் பார்த்தேன். 12 வோல்ட்டும் சரியாக இருந்தது. அதன்பிறகே மதர்போர்டில் மாட்டினேன், முதல் அமுக்கிலேயே ஓடியது.

ஃப்யூஸ் கருகி வெடித்திருந்தால் இதில் இறங்கியே இருக்க மாட்டேன். அப்போது பெரும்பாலும் ஸ்விட்சிங் டிரான்சிஸ்டரும் சேர்ந்து போயிருக்கும், அதற்குப் புதிதே வாங்கிவிடலாம்.