அலுமினியம் அறுக்க எந்த பிளேடு? மூன்று வாரம் செய்து பார்த்தது

வேலை மேசைக்கு ஒரு அலுமினியச் சட்டம் செய்துகொண்டிருக்கிறேன். 40 மி.மீ. சதுரக் குழாய், தகடு 2 மி.மீ. கனம். என்னிடம் இருப்பது 10 அங்குல மைட்டர் சா, அதாவது சுழலும் பிளேடை மேலிருந்து இறக்கி வேண்டிய கோணத்தில் அறுக்கும் ரம்பம். அதில் மரத்துக்கான 40 பல் கார்பைடு (பல் நுனியில் மிகக் கடினமான உலோகக் கலவை வைத்த) பிளேடு. முதல் வாரம் அதையே வைத்து அறுத்தேன். அறுபட்டது. ஆனால் பல் தொட்ட நொடியில் குழாய் வெடுக்கென்று இழுபட்டது. கிளாம்ப் இறுக்கமாக இருந்ததால்தான் தப்பித்தேன். வெட்டிய முனை முழுக்கப் பிசிறு.

பிளேடைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்ததும் காரணம் புரிந்தது. மரத்துக்கான பல் பெரும்பாலும் சுற்றும் திசையில் முன்னோக்கிச் சாய்ந்திருக்கும். அதனால் பொருளைக் கவ்வி இழுக்கும். அலுமினியத்துக்கென்று வருவதில் சாய்வு பின்னோக்கி, சுமார் 5 டிகிரி. பற்களும் ஒரே மாதிரி இல்லை. ஒன்று சற்றே உயரம், மூலை இரண்டும் சீவியிருக்கும், அடுத்தது தட்டை. உயரப் பல் நடுவில் தடம் போட, தட்டைப் பல் ஓரங்களைச் சுத்தம் செய்கிறது.

இரண்டாம் வாரம் அப்படிப்பட்ட 80 பல் பிளேடை மாட்டினேன். அதில் அச்சிட்டிருந்த அதிகபட்ச வேகம் மெஷினின் வேகத்தைவிடக் கூடுதல்தானா என்று முதலில் சரிபார்த்தேன். கையில் கொஞ்சம் கூடுதல் அழுத்தம் தேவைப்பட்டது, ஆனால் இழுப்பே இல்லை. முனை கண்ணாடி போல வந்தது. அந்த முனையை விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்!

அதே பிளேடில் 25 மி.மீ. கனக் கட்டியை அறுத்தபோதுதான் சிக்கல். பாதியில் சத்தம் கனத்தது. நிறுத்திப் பார்த்தால், பல் இடுக்குகளில் அலுமினியம் ஈயம் பூசியது போல அப்பியிருந்தது. 80 பல்லில் பல்லுக்குப் பல் 10 மி.மீ.தான் இடைவெளி, கனமான கட்டியிலிருந்து வரும் சீவல் அங்கே அடங்கவில்லை. 60 பல்லில் அது 13 மி.மீ. ஆகிறது. பல் அதிகமானால் நல்லது என்பது மெல்லிய தகட்டுக்குத்தான் பொருந்தும்.

இந்த வாரம் 60 பல். அப்புறம், ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னால், மெஷின் நின்றிருக்கும்போதே பல்லில் மெழுகு தேய்க்கிறேன். அப்புவது ஏறக்குறைய நின்றுவிட்டது. ரொம்ப மெதுவாக இறக்கினாலும் பல் உரசிச் சூடாகிறது. சீவல் பொடியாக வராமல் துணுக்காக வந்தால் இறக்கும் வேகம் சரி.

இன்னும் எட்டு வெட்டு பாக்கி, எல்லாம் 45 டிகிரி. குழாய்க்குத் திரும்ப 80 பல் பிளேடை மாட்டி வைத்திருக்கிறேன்.