கூலி கொடுத்த காரியக்காரன்

பேரோல் செக்ஷன்ல 14 வருஷமா வேலை பாக்குறேன். யார் எத்தனை நாள் வந்தாங்க, ஓவர்டைம் எவ்வளவு, லாஸ் ஆஃப் பே எத்தனை நாள், எல்லாத்தையும் சரிபார்த்து மாசக் கடைசில சம்பளம் போடணும். ஒரு நாள் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. இத நான் வெறும் வேலையா நினைச்சதே இல்ல, "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது"ன்னு நீதிமொழிகள் 11:1ல இருக்கே, அந்த வசனம்தான் எனக்கு ஆபீஸ்ல பிடிமானம். கணக்கு சுத்தமா இருந்தா கர்த்தர் என்மேல பிரியமா இருப்பார்னு நம்பிட்டிருந்தேன்.

அதனாலயோ என்னவோ, மத்தேயு 20ல இயேசு சொல்ற திராட்சத்தோட்ட உவமை மட்டும் எனக்கு ஒட்டவே ஒட்டாது. ஒரு எஜமான் தன் தோட்டத்து வேலைக்கு ஆள் கூப்பிடற கதை அது. காலைலயே வந்தவங்களுக்கும் ஒரு பணம், அதாவது பேசின ஒரு நாள் கூலி, பதினோராம் மணி வேளைல, அதாவது நம்ம கணக்குக்கு சாயங்காலம் அஞ்சு மணி போல வந்து ஒரு மணி நேரம் மட்டும் வேலை செஞ்சவங்களுக்கும் அதே ஒரு பணம். "பகலின் கஷ்டத்தையும் வெயிலின் உஷ்ணத்தையும் சகித்த" எங்களுக்கு இவங்கள சமமாக்கினீரேன்னு முதல்ல வந்தவங்க முறுமுறுப்பாங்க பாருங்க, ஒவ்வொரு தடவை வாசிக்கும்போதும் நான் அவங்க பக்கம்தான் நின்னேன். பிரசங்கத்துல இது கிருபையப் பத்தின, அதாவது தகுதி பாக்காம தேவன் காட்டுற தயவப் பத்தின உவமைன்னு சொல்லுவாங்க, நானும் தலையாட்டுவேன், ஆனா உள்ளுக்குள்ள ஏத்துக்கிட்டதில்ல.

ஒருமுறை மெஷின் பழுதாகி மூணு வாரம் வேலையே நடக்கல. எல்லாருக்கும் முழு சம்பளம் போடுங்கன்னு மேல இருந்து சொல்லிட்டாங்க, எல்லாருக்கும்னா காண்ட்ராக்ட்ல ரெண்டே நாள் முன்னாடி சேர்ந்தவங்களுக்கும் சேர்த்து. எனக்கு மனசே ஆறல. இது பழைய ஆளுங்களுக்குச் செய்யற அநியாயம்னு மேனேஜருக்கு நீளமா ஒரு மெயில் அடிச்சேன். அவங்க கூப்பிட்டு உக்கார வச்சு, "உங்க சம்பளத்துல ஏதாவது குறைஞ்சுதா?"ன்னு மட்டும் கேட்டாங்க. இல்ல மேடம்னேன். "அப்போ எது வலிக்குது?"ன்னாங்க.

அவங்க கிறிஸ்தவங்க இல்ல, அந்த உவமை அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கவும் வாய்ப்பில்ல. ஆனா உவமைல முறுமுறுத்தவன்கிட்ட எஜமான் கேட்ட கேள்வியும் கிட்டத்தட்ட அதுதானே, "நான் தயாளனாயிருக்கிறபடியால், நீ வன்கண்ணனாயிருக்கலாமா?" வன்கண்ணன், அதாவது பொறாமைக் கண்ணுள்ளவன்ங்கிற அந்த வார்த்தை அன்னைக்கு என்னைத் தூங்க விடல. கண்ணானது சரீரத்தின் விளக்குன்னு அதே மத்தேயுல 6ஆம் அதிகாரத்துலயும் வருது இல்லையா, அப்போ நான் இத்தனை வருஷம் வேதத்த வாசிச்ச கண்ணே எந்தக் கண்ணுன்னு ஒரு பயம் வந்துடுச்சு.

அந்த வாரமே ஜெபக்கூட்டத்துல இதைப் பத்திப் பேசினேன். ரொம்ப நாள் வேலையில்லாம இருந்த ஒரு பிரதர் சொன்னார், அந்த உவமைல அவருக்கு முதல்ல காதுல விழறதே சாயங்காலம் வரைக்கும் நின்னவங்க சொல்ற பதில்தானாம், ஒருவரும் எங்களுக்கு வேலை கொடுக்கலங்கிற அந்த ஏழாம் வசனம். நூறு தடவை வாசிச்சிருப்பேன், அப்படி ஒரு வசனம் இருக்கறதே என் மனசுல பதியல. கணக்கு எனக்குப் பெருசு, அதனால கணக்கு மட்டும் தெரிஞ்சது. அவருக்கு அந்தக் காத்திருப்பு தெரியும், அதனால அவருக்கு எஜமான் தெரிஞ்சார், சாயங்காலம் வரைக்கும் திரும்பத் திரும்ப வெளிய போய் ஆளத் தேடற எஜமான்.

ஒண்ணு சொல்லணும், நேர்மையான கணக்கு தப்புன்னு நான் சொல்ல வரல. முதல்ல வந்தவங்களுக்கு எஜமான் பேசின கூலியக் குறைக்கவே இல்ல, கொடுக்காம பிடிச்சு வச்ச கூலி கூக்குரலிடுதுன்னு யாக்கோபு 5:4ல இருக்கு, கூலியக் குறைக்கறதுக்கு இந்த உவமையக் காட்டுறவங்க இருந்தா அவங்க அதைத் தப்பாத்தான் வாசிக்கிறாங்க. என் தப்பு வேற. என் தராசு சரியா இருந்ததால தேவனும் அதே தராசுலதான் அளப்பார்னு முடிவு கட்டிட்டேன். இந்த உவமைக்குக் கொஞ்சம் முன்னாடிதான் சீஷனான பேதுருவும் இயேசுகிட்ட, எல்லாத்தையும் விட்டு உம்ம பின்னாடி வந்தோமே, எங்களுக்கு என்ன கிடைக்கும்னு கேக்கறார், அவரும் ஒரு கணக்கோடதான் நின்னிருக்கார். அது எனக்கு ரொம்ப ஆறுதலா இருந்துச்சு.

அந்த மாசச் சம்பளத்த நான்தான் ப்ராசஸ் பண்ணேன். பட்டியல்ல கடைசியா இருந்த அந்த ரெண்டு நாள் ஆளுங்க பேருக்கு நேரா முழுத்தொகைய டைப் பண்ணும்போதுதான் எட்டாம் வசனம் ஞாபகம் வந்துச்சு. எஜமான் நேரா கூலி கொடுக்கல, தன் காரியக்காரன, அதாவது தோட்டத்துப் பொறுப்பப் பாக்குற ஆளக் கூப்பிட்டு, பிந்தி வந்தவங்க தொடங்கி முந்தி வந்தவங்க வரைக்கும் கொடுன்னு சொல்றார். அந்தக் காரியக்காரன் உவமை முழுக்க ஒரு வார்த்தை பேசல, யாரும் அவனைப் பத்திப் பிரசங்கிச்சும் நான் கேட்டதில்ல. சாயங்காலம் வந்தவன் கையில முழு ஒரு பணத்த வைக்கும்போது அவன் முகம் எப்படி மாறுச்சுன்னு பக்கத்துல நின்னு பார்த்தவன் அவன் ஒருத்தன்தான்.